பழைய ரவுண்ட் பேலரில் ஹைட்ராலிக் கோளாறு: ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

தை, மாசியில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் தொடங்கும்: "அண்ணே, கதவு தூக்கல." வைக்கோலை உருட்டிக் கட்டும் ரவுண்ட் பேலரில், கட்டை வெளியே விட ஹைட்ராலிக் சிலிண்டர் தூக்குகிற பின்கதவைத்தான் சொல்கிறார்கள். சம்பா அறுவடை முடிந்து, அறுவடை மிஷின் கொட்டிவிட்டுப் போன வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடக்கும் நேரம் அது. காலையில் பனி காயும்வரை கட்ட முடியாது. சாயங்காலம் மறுபடி ஈரம் இறங்கிவிடும். நடுவில் கிடைக்கிற வெயிலில் மிஷின் நின்றால் வாடகை போவது ஒரு பக்கம். வைக்கோலுக்கு அடியில் உளுந்து முளைத்து நிற்கும், அது மூடிக் கிடந்தே வெளிறிப்போகும். வயல்காரருக்கு அந்தக் கவலைதான் பெரிது. அதனால் அவசரத்தில் கையில் கிடைத்த ஸ்பேனரை எடுத்து, கண்ணுக்குத் தெரிகிற சிலிண்டரைக் கழற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நான் மன்னார்குடிப் பக்கம். பழைய பேலர்களை வாங்கிச் சரிசெய்து வாடகைக்கு ஓட்டுகிறேன். நான் சொல்லப்போவது நம் டெல்டாவில் அதிகம் ஓடுகிற சின்ன ரவுண்ட் பேலரைப் பற்றி. உள்ளே உருளைகள் சுற்றும், கிட்டத்தட்ட இரண்டடி விட்டத்தில் மூன்றடி நீளத்துக்குக் கட்டு விழும், 35 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டரின் பி.டி.ஓ.வில் (டிராக்டருக்குப் பின்னால் சுற்றும் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும், அந்த வகை. பெல்ட் வைத்த பெரிய பேலர்களில் பெல்ட்டை இறுக்கும் சிலிண்டர் தனியாக உண்டு. சோதிக்கும் முறை அதற்கும் இதேதான்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. கோளாறு டிராக்டரிலா, பேலரிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். அது தெரியாமல் ஒரு நட்டையும் தளர்த்தாதீர்கள். சீல் கிட்டை (சிலிண்டருக்குள் ஆயிலை அடைத்து நிறுத்தும் வளையங்கள்) மாற்றி, மறுபடி மாற்றி, கடைசியில் என்னிடம் வந்த மிஷின்கள் பலவற்றில் சிலிண்டரில் பழுதே இருந்ததில்லை.

கை வைப்பதற்கு முன்

தூக்கிய கதவுக்குக் கீழே ஆயிலை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஒரு ஹோஸ் வெடித்தால் கதவு கண் இமைக்கும் நேரத்தில் இறங்கிவிடும். நல்ல மிஷினில் சிலிண்டருக்குப் போகும் வழியில் ஆயிலை அடைத்து நிறுத்தும் பூட்டு வால்வு ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் சிலிண்டரிலிருந்து நீளும் ராடு மேல் போடுகிற இரும்புத் தடுப்பு இருக்கும். பழைய மிஷினில் இரண்டையுமே யாராவது கழற்றிப் போட்டிருப்பார்கள். வாங்கியதும் முதல் செலவாக அதைத் திரும்பப் பொருத்துங்கள். பி.டி.ஓ. நிறுத்தி, இன்ஜின் நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டாவது, கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். 150 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்றால் சதுர செ.மீ.க்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ) ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து வரும் ஆயில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. அதனால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்தால் அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "அழுத்தத்தில் ஆயில் உள்ளே ஏறிவிட்டது" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். சில மணி நேரத்துக்குள் அறுவைசிகிச்சை செய்ய வேண்டிய காயம் அது. கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டை ஹோஸ் ஓரமாக நகர்த்துங்கள். அட்டை நனைகிற இடம்தான் கசிகிற இடம்.

டிராக்டரா, பேலரா

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வயலுக்குப் போயிருந்தேன். கதவு பாதி தூக்கி நின்றுவிட்டது. கட்டு உள்ளேயே மாட்டிக்கிடக்கிறது. டிரைவர் என்னைவிட வயதில் மூத்தவர், டிராக்டரிலேயே காலம் தள்ளியவர்.

"பம்பு போயிடுச்சு தம்பி. பிரஷரே இல்ல."

"இதே கப்ளர்ல டிப்பர் தூக்குதாண்ணே?"

"நேத்து எரு அடிச்சோம். நல்லாத்தான் தூக்குச்சு."

"அப்ப பம்பு மேல தப்பில்லண்ணே. இந்தப் பக்கம் பாப்போம்."

டிப்பர் டிரெய்லர் இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. பேலரைக் கழற்றிவிட்டு, அதே கப்ளரில் (டிராக்டரில் ஹோஸை மாட்டும் இணைப்பு) டிப்பரை மாட்டி, கொஞ்சம் மண் ஏற்றித் தூக்கிப் பாருங்கள். வேகமாகத் தூக்கினால் டிராக்டர் சுத்தம். டிப்பர் இல்லையென்றால் பக்கத்து வீட்டு டிராக்டரைக் கொண்டுவந்து உங்கள் பேலரில் மாட்டுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும்.

டிராக்டர் பக்கம் என்று தெரிந்தால், பம்பைக் கழற்றுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள். ஆயில் அளவு போதுமா? பல டிராக்டர்களில் கியர் பாக்ஸ் ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் ஒன்றுதான். பேலர் கசிந்தால் கியர் ஆயில்தான் குறைகிறது என்பதை நினைவில் வையுங்கள். ஹைட்ராலிக் ஃபில்டர் எப்போது மாற்றியது? சில டிராக்டர்களில் ஆயிலை லிஃப்டுக்கும் வெளி கப்ளருக்கும் மாற்றிவிடும் குமிழ் ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கும். கலப்பை ஓட்டிய டிரைவர் அதை லிஃப்ட் பக்கம் திருப்பிவிட்டுப் போயிருப்பார். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சேற்றுழவு ஓட்டிய டிராக்டரில் இது சாதாரணம். நுரை நுரையாக இருந்து பம்பு கத்தினால் உறிஞ்சும் பக்கம் காற்று இழுக்கிறது. இவற்றில் எதுவும் இல்லை, டிப்பரும் தூக்கவில்லை என்றால் ரிலீஃப் வால்வு (அழுத்தம் எல்லை மீறாமல் ஆயிலைத் திருப்பிவிடுவது), பம்பு என்று போக வேண்டியதுதான். அதை டிராக்டர் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கணக்குப் போட்டால் பாதி தெரிந்துவிடும்

இதைச் செய்கிறவர்கள் குறைவு. எனக்கு இதுதான் அதிகம் உதவியிருக்கிறது.

உங்கள் கதவு சிலிண்டரின் உள்விட்டம் 50 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 19.6 சதுர செ.மீ. 150 பார் அழுத்தத்தில் அது தள்ளும் பலம் கிட்டத்தட்ட 3 டன். கதவின் இரண்டு பக்கச் சிலிண்டருக்கும் சேர்த்து 6 டன். காலிக் கதவைத் தூக்க அதில் சின்னப் பங்கு போதும். அப்படியென்றால் "பிரஷர் கொஞ்சம் குறைவு, அதனால் தூக்கவில்லை" என்பது பெரும்பாலும் நிஜமாக இருக்க முடியாது. ஒன்று, ஆயில் சிலிண்டருக்கே வந்து சேரவில்லை. அல்லது சிலிண்டருக்குள்ளேயே தப்பிப் போகிறது. இல்லையா, கதவை இரும்பு எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது: கொக்கி விலகவில்லை, கீலின் இரும்புப் பின் துருப்பிடித்து இறுகிவிட்டது, அளவுக்கு மீறித் திணித்த கட்டு மாட்டிக்கொண்டது.

எது என்று சொல்ல ஒரு பிரஷர் கேஜ் போதும். 250 பார் வரை காட்டும் கிளிசரின் கேஜ், T வடிவ இணைப்பு ஒன்று, இரண்டு அடாப்டர். ஹைட்ராலிக் ஹோஸ் அடிக்கிற கடையிலேயே கிடைக்கும். தூக்கும் பக்க ஹோஸில், பேலர் முனையில் பொருத்துங்கள். லீவரைத் தூக்கும் பக்கம் தள்ளி, ஓரிரு நொடி மட்டும் பாருங்கள். கேஜ் 150க்கு மேல் போகிறது, கதவு அசையவில்லை என்றால் ஆயில் வந்துவிட்டது. கேஜுக்கு அப்பால் அடைப்பு, அல்லது இரும்பு பிடித்திருக்கிறது. கேஜ் 20, 30க்கு மேல் ஏறவே இல்லை, கதவும் அசையவில்லை என்றால் ஆயில் எங்கோ வழி கண்டுபிடித்துத் தப்பிப் போகிறது, அல்லது கேஜுக்கு முன்னாலேயே அடைபட்டிருக்கிறது.

வேகத்துக்கும் இதே கணக்குதான். அதே 50 மி.மீ. சிலிண்டர் 40 செ.மீ. நீள்கிறது என்றால் ஒன்றுக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகம், இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை லிட்டர் சொச்சம் ஆயில். நிமிடத்துக்கு 20 லிட்டர் தருகிற பம்பு அதை ஐந்து நொடியில் நிரப்பிவிட வேண்டும். இன்ஜின் சரியான வேகத்தில் ஓடும்போது உங்கள் கதவு பதினைந்து நொடி எடுத்தால் மூன்றில் இரண்டு பங்கு ஆயில் வந்து சேரவில்லை என்று அர்த்தம். டேப்பை வைத்து உங்கள் சிலிண்டரை அளந்து, உங்கள் டிராக்டரின் பம்பு அளவைக் கையேட்டில் பார்த்து, இந்த நொடிக் கணக்கை ஒருமுறை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மிஷின் நன்றாக ஓடும்போதே கதவு திறக்கிற நேரத்தைக் கைபேசியில் வீடியோ எடுத்து வைப்பது இன்னும் நல்லது. கோளாறு வரும் நாளில் "முன்ன மாதிரி இல்ல" என்று சும்மா சொல்லாமல், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சொல்ல முடியும்.

ஆயில் வந்து சேராத வழக்கு

திருத்துறைப்பூண்டி மிஷினுக்கு வருகிறேன். கேஜ் மாட்டினோம். லீவரைத் தள்ளியதும் 160ஐத் தொட்டது. கதவு அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்கிறது. பின்னும் கொக்கியும் லூசாகத்தான் இருக்கின்றன. ஆக, கேஜுக்கு அப்பால் அடைப்பு.

இன்ஜினை நிறுத்தி, லீவரை இரண்டு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை விட்டு, கதவுக்கு முட்டுக் கொடுத்து, சிலிண்டருக்குப் போகும் வழியில் இருந்த முழங்கை இணைப்பைக் கழற்றினோம். அதன் வாய்க்குள் சின்ன பித்தளை வில்லை ஒன்று இருந்தது, நடுவில் ஊசித்துளை. கதவு தடால் என்று இறங்காமல் மெதுவாக இறங்குவதற்காகக் கம்பெனியே வைத்தது அது. துளைக்குள் உளுந்து அளவில் ஒரு கறுப்பு ரப்பர் துண்டு செருகி நின்றது, அதைச் சுற்றி வெள்ளை டெஃப்ளான் டேப்பின் நூல்கள். சீல் மாற்றியபோது வெட்டுப்பட்ட ஓ-ரிங்கின் துண்டு. குச்சியால் தள்ளியதும் விழுந்துவிட்டது. வில்லையை டீசலில் கழுவித் திரும்பப் போட்டோம். கதவு முன்போல ஏறியது. அந்த மிஷினில் அந்த சீசனிலேயே இரண்டு சிலிண்டருக்கும் சீல் மாற்றியிருந்தார்கள். கோளாறே அந்த வேலையில்தான் பிறந்திருக்கிறது.

அதனால் ஹைட்ராலிக் இணைப்பில் டெஃப்ளான் டேப் சுற்றாதீர்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். தண்ணீர்க் குழாய்க்கு அது சரி. இங்கே அது நூலாகப் பிய்ந்து வால்வுக்குள் போய் உட்காரும். நேர் மரை இணைப்பில் ஆயிலை நிறுத்துவது வாஷர்தான்: டௌட்டி வாஷர் (உள் ஓரத்தில் ரப்பர் ஒட்டிய இரும்பு வாஷர்), அல்லது செப்பு வாஷர். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாகப் போடுங்கள்.

இன்னொன்று. அந்த வில்லையைப் பார்த்ததும் "இதுதான் வேகத்தைக் குறைக்குது" என்று எடுத்து எறிகிற வழக்கம் உண்டு. கதவு வேகமாக ஏறும், உண்மை. இறங்கும்போது இரும்பு மேல் இரும்பு மோதும். கீல் புஷ் தேயும், வெல்டிங் விடும், யாராவது பக்கத்தில் நின்றால் தப்பிக்க நேரம் இருக்காது. பழைய மிஷின் வாங்கும்போது கதவு விழுகிற வேகத்தைப் பாருங்கள். பொத்தென்று விழுந்தால் வில்லை இல்லை.

ஆயில் வராததற்கு வேறு இரண்டு இடங்கள்: கப்ளர், ஹோஸ்.

கப்ளருக்குள் ஆண், பெண் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த சின்ன மூடிகள் உண்டு. மாட்டும்போது ஒன்றையொன்று தள்ளித் திறக்க வேண்டும். ஒன்று தேய்ந்திருந்தாலோ, வேறு வேறு மேக்காக இருந்தாலோ, வெளியே நன்றாக மாட்டியதுபோலத் தெரியும், உள்ளே பாதிதான் திறந்திருக்கும். சில சமயம் தூக்கும்போது ஆயில் போகும், திரும்பும்போது மூடிக்கொள்ளும். கப்ளரை மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, சீல் கிட்டையும் கூலியையும் பார்த்தால் ஒன்றுமே இல்லை. வெயிலில் கிடந்த பேலரின் ஹோஸ் சூடாகி, உள்ளே ஆயில் விரிந்து, கப்ளர் உள்ளே போகவே போகாது. சுத்தியலால் அடிக்காதீர்கள், மூடி நெளியும். முந்தின நாள் கழற்றும்போதே இன்ஜினை நிறுத்திவிட்டு லீவரை இரண்டு பக்கமும் ஆட்டியிருந்தால் இந்தத் தொல்லை வராது.

ஹோஸ் வெளியே புதிதாக இருந்தும் உள் ரப்பர் உரிந்து மடிந்துகொண்டால் ஒரு பக்கம் மட்டும் ஆயில் விடும். கதவு ஏறும், இறங்காது, அல்லது தலைகீழாக. சந்தேகம் வந்தால் கழற்றி, இரண்டு முனையிலிருந்தும் மாறி மாறிக் காற்று அடித்துப் பாருங்கள். காற்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போக வேண்டும். புது ஹோஸ் அடிக்கும்போது இரண்டு கம்பி வலை உள்ள ஆர்2 ரகம் கேளுங்கள். குறைந்த விலையில் ஒற்றை வலை ஹோஸ் தருகிறேன் என்பார்கள். 3/8 அங்குலத்தில் ஒற்றை வலையின் வேலை அழுத்தம் 180 பார்தான், இரட்டை வலைக்கு 330. டிராக்டர் ரிலீஃப் வால்வே 150 முதல் 200 பாருக்குள் இருக்கும்போது ஒற்றை வலையில் மிச்சம் வைக்க இடமே இல்லை.

கதவு தானாக இறங்குகிறது

இதற்கும் உடனே "சீல் போச்சு" என்பார்கள். பூட்டு வால்வு இருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். கதவை முழுவதும் தூக்குங்கள், யாரும் பக்கத்தில் வேண்டாம், தூக்கும் பக்க வால்வை மூடுங்கள், கதவு விளிம்பு நிற்கிற உயரத்துக்கு ஒரு குச்சியை நட்டு வைத்துத் தள்ளி நில்லுங்கள். இறங்குவது நின்றுவிட்டால் சிலிண்டர் நன்றாக இருக்கிறது, டிராக்டரின் கண்ட்ரோல் வால்வில்தான் ஆயில் கசிந்து திரும்புகிறது. அது கொஞ்சம் கொஞ்சம் கசிவது பெரும்பாலான டிராக்டர்களில் உண்டு. வேலைக்கு இடைஞ்சல் இல்லாதவரை அதற்காகச் செலவு செய்ய வேண்டாம், கதவுக்குக் கீழே போகும்போது பூட்டினால் போதும். வால்வை மூடியும் இறங்கினால்தான் சிலிண்டரைச் சந்தேகப்பட வேண்டும்.

அப்போதும் உடனே கழற்றாதீர்கள். இரண்டு சிலிண்டரில் எது என்று கண்டுபிடிக்க நான் செய்கிற முறை இது. கதவு மூடிய நிலையிலேயே செய்வதால் விழுகிற பயம் இல்லை. கதவு மூடும்போது ராடு உள்ளே போகிற மாடலுக்குச் சொல்கிறேன். முழுவதும் மூடுங்கள். இன்ஜினை நிறுத்தி அழுத்தத்தை விடுங்கள். ஒரு சிலிண்டரின் தூக்கும் பக்க ஹோஸை மட்டும் கழற்றி, ஹோஸ் முனையில் பிளக் போடுங்கள். சிலிண்டரின் திறந்த வாய்க்குக் கீழே பாட்டில் வையுங்கள். உள்ளே தேங்கியது முதலில் கொஞ்சம் வடியும். இப்போது ஒருவர் இன்ஜினை ஓடவிட்டு லீவரை மூடும் பக்கம் மெதுவாகத் தள்ளட்டும். மற்றவர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். பாட்டிலில் சொட்டு நின்றுவிட்டால் அந்த சிலிண்டரின் பிஸ்டன் சீல் நல்லது. தொடர்ந்து ஒழுகினால் அதுதான் போனது. அடுத்த சிலிண்டருக்கும் இதேபோல. இரண்டையும் கழற்றாமல் ஒன்றை மட்டும் கழற்ற இதுவே வழி.

கட்டு இறுகவில்லை

இது கோளாறாகவே பலருக்குத் தெரிவதில்லை. "வைக்கோல் காய்ஞ்சுபோச்சு, அதான் கட்டு தொளதொளன்னு விழுது" என்று விட்டுவிடுவார்கள். கட்டு உருளும்போது உள்ளிருந்து கதவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கொக்கி இல்லாமல் ஆயில் அழுத்தத்தாலேயே கதவைப் பிடித்து வைக்கிற மிஷினில், மூடும் பக்கம் கொஞ்சம் கசிந்தாலும் கதவு மெல்ல விலகிக் கட்டு தளர்ந்துவிடும். மூடும் பக்கத்துக்கு இயல்பாகவே பலம் குறைவு. 30 மி.மீ. ராடு இடத்தை அடைத்துக்கொள்வதால் அதே 150 பாரில் சிலிண்டருக்கு இரண்டு டன்கூட வராது. தூக்கும்போது தெரியாத கசிவு கட்டில் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு சாக்பீஸ் போதும். கதவை மூடி, கதவும் சட்டமும் சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். வைக்கோல் கட்டும்போது, கட்டு நிறையும் நேரத்தில் நிறுத்தி இறங்கிப் பாருங்கள். கோடு உடைந்து நகர்ந்திருந்தால் கதவு விலகுகிறது. இரண்டு பக்கமும் சமமாக நகர்ந்தால் மூடிய அழுத்தத்தை உள்ளே பூட்டி வைக்கும் செக் வால்வில் தூசி, அல்லது சீல் போயிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தால் ஆயில் பக்கம் போகாதீர்கள். அந்தப் பக்கப் பின்னோ புஷ்ஷோ, கொக்கி உள்ள மிஷினில் கொக்கியோ தேய்ந்திருக்கிறது. லேத்தில் புது புஷ் கடைந்து போட்டால் வேலை முடிந்தது.

அதற்கும் முன்னால் இரண்டு சின்ன விஷயம். கதவு உட்காரும் இடத்தில் வைக்கோல் திணிந்து நின்றால் கதவு முழுவதும் மூடாது, கையை விடாமல் கொக்கிக் கம்பியால் இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். டிரைவர் கதவு மூடியதும் லீவரை உடனே விடுகிறாரா என்றும் பாருங்கள். மூடிய பிறகும் இரண்டு மூன்று நொடி பிடித்திருந்தால்தான் உள்ளே அழுத்தம் ஏறிப் பூட்டிக்கொள்ளும். அதற்கு மேல் பிடித்தால் ரிலீஃப் வால்வு கீச்சென்று கத்தும், ஆயில் சூடாகும்.

சிலிண்டரைத் திறந்தே ஆக வேண்டுமென்றால்

முதலில் ராடைப் பாருங்கள். துடைத்துவிட்டு நகத்தால் மேலிருந்து கீழ் வரை இழுங்கள். நகம் எங்காவது மாட்டினால் அந்தக் கீறலோ துருக்குழியோ புது சீலையும் அறுத்துவிடும். ராடை ஹார்டு குரோம் செய்யக் கொடுங்கள், அல்லது புது ராடு போடுங்கள். லேசான துரு என்றால் வழவழப்பான உப்புத்தாளால் ராடைச் சுற்றிச் சுற்றித் தேய்க்கலாம். நீளவாக்கில் தேய்த்தால் ஆயில் வெளியேற நீங்களே வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததாகிவிடும்.

பழைய சீலை எடுப்பதற்கு முன் உதடு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று போட்டோ எடுங்கள். உதடு அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். கிட் கிடைக்காத மாடலுக்கு வெர்னியரில் உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் மூன்றையும் பள்ளத்திலிருந்து அளந்து கொண்டுபோங்கள். தேய்ந்த சீலை அளந்தால் தப்பான அளவுதான் வரும். மரையின் கூர்முனையும் ஆயில் நுழையும் போர்ட் துளையின் ஓரமும் சீலை வெட்டும் இடங்கள். அவற்றை உப்புத்தாளால் மழுக்கி, சீலில் ஆயில் தடவி, சாய்க்காமல் நேராக இறக்குங்கள். ராடு வெளியே வரும் வாயில் இருக்கும் தூசி சீலை மாற்ற மறக்காதீர்கள். விலை குறைவு என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். வைக்கோல் தூசியை வெளியே நிறுத்துவது அதுதான்.

மாட்டிய பிறகு கதவு துடித்துத் துடித்து ஏறும். உள்ளே காற்று. இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு முழுவதும் திறந்து முழுவதும் மூடிப் பலமுறை செய்யுங்கள், துடிப்பு அடங்கும். பிறகு டிராக்டர் ஆயில் அளவைப் பார்த்து ஊற்றுங்கள்.

கசிந்த ஆயில் பட்ட வைக்கோலை மாட்டுக்குப் போகும் கட்டில் சேர்க்காதீர்கள். தனியே ஒதுக்கிவிடுங்கள். ஆயில் ஊறிய வைக்கோல் தூசு பேரிங் பக்கத்தில் படிந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. தினமும் காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

பழையது வாங்கப் போகிறவர்களுக்கு

பெயிண்ட் அடித்த மிஷினைவிடத் தூசியோடு நிற்கும் மிஷினை எனக்குப் பிடிக்கும். கசிவு எங்கே என்று தூசியே காட்டும், ஆயில் பட்ட இடத்தில் அது கறுப்பாகப் பிடித்திருக்கும். உங்கள் டிராக்டரையே ஓட்டிக்கொண்டு போங்கள். எல்லா இணைப்பையும் துணியால் துடைத்துவிட்டு, முற்றத்தில் வெறுமனே கதவைத் தூக்கிக் காட்டுவதோடு விடாமல், வைக்கோலில் ஓட்டி ஆயில் சூடாகும்வரை கட்டச் சொல்லுங்கள். ஆறிய ஆயில் கெட்டியாக இருக்கும், தேய்ந்த சீலும் தாங்கும். சூடானபின் அதே மிஷின் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பிறகு துடைத்த இடங்களை மறுபடி பாருங்கள், கதவைத் தூக்கிப் பூட்டு வால்வை மூடி பத்து நிமிடம் குச்சி வைத்துப் பாருங்கள்.

வாங்கி வந்ததும் மாட்டுவதற்கு முன் ஹோஸ்களில் இருக்கும் பழைய ஆயிலைப் பாட்டிலில் வடியவிடுங்கள். வாடகைக்கு ஓடிய பேலர் பல டிராக்டர்களின் ஆயிலைக் குடித்திருக்கும். அதில் இருக்கும் இரும்புத் தூளும் தண்ணீரும் உங்கள் கப்ளர் வழியாக நேராக உங்கள் கியர் பாக்ஸுக்குப் போகும். கப்ளர்களுக்கு ரப்பர் மூடி வாங்கிப் போடுங்கள். மாட்டும் முன் ஒவ்வொரு முறையும் இரண்டு முனையையும் துணியால் துடையுங்கள். திறக்கும் ஹோஸுக்குச் சிவப்பு டேப் சுற்றிவிட்டால் டிரைவர் மாறினாலும் ஹோஸ் மாறாது.

சீசன் முடிந்து நிறுத்தும்போது கதவை மூடி, ராடு உள்ளே இருக்கும்படி விடுங்கள். வெளியே தெரிகிற ராடு பாகத்தில் கிரீஸ் பூசுங்கள். ஹோஸ் முனைகளை மேலே கட்டித் தொங்கவிடுங்கள். குறுவை வைக்கோலுக்குத் திரும்ப எடுக்கும் அன்று அந்த கிரீஸைத் துணியால் துடைத்த பிறகே கதவைத் தூக்குங்கள், அதில் ஒட்டிய மண் சீலுக்குள் போய்விடும்.